மல்லாட்டை விதையில் தடவும் கறுப்புப் பொடி வேலை செய்யுமா?

திண்டிவனம் பக்கம் இரண்டரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறீர்கள். போன பட்டத்தில் திட்டுத் திட்டாகச் செடி வாடிச் செத்தது. இந்த மார்கழிப் பட்டத்துக்குக் கடைக்காரர் ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ் என்று கறுப்புப் பொடி அடைத்த மூன்று வகைப் பாக்டீரியா பாக்கெட்டைக் கொடுத்து, உரச் செலவும் குறையும், வாடலும் நிற்கும் என்றிருக்கிறார். "இது உண்மையா, இல்லை கரித்தூளை விற்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கிடக்கின்றன: இந்தப் பாக்டீரியாக்கள் உரத்தின் வேலையைச் செய்யுமா, நோயைத் தடுக்குமா, நான் வாங்கிய பாக்கெட்டில் அவை உயிரோடு இருக்கின்றனவா. முதல் இரண்டையும்தான் எல்லாரும் கேட்பார்கள். விளைச்சலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்றாவது.

நான் வேளாண் நுண்ணுயிரியல் படித்தவன். நுண்ணுயிர் உரம் தயாரிக்கும் ஆய்வகங்களில் 22 வருடம் தரப் பரிசோதனையில் இருந்தேன். பாக்கெட்டிலிருந்து ஒரு கிராம் எடுத்து, நீரில் படிப்படியாகக் கரைத்து, தட்டில் ஊற்றி, முளைக்கும் திட்டுகளை எண்ணுவதுதான் என் அன்றாட வேலை. ஆகவே பாக்டீரியா பற்றி உறுதியாகப் பேசுவேன். உங்கள் வயலில் செடியைக் கொன்றது எந்த நோய் என்று இங்கிருந்தபடி சொல்ல என்னால் முடியாது. அதை நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்க வழி சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அது இரண்டிரண்டு அணுவாக, மூன்று பிணைப்பால் இறுகப் பூட்டிக் கிடக்கிறது. செடியால் தொட முடியாது. யூரியாவுக்கான அம்மோனியாவைத் தயாரிக்கும் தொழிற்சாலை அந்தப் பூட்டை உடைக்க 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல நூறு, இருநூறு மடங்கு அழுத்தமும் கொடுக்கிறது. ரைசோபியம் அதே வேலையை உங்கள் மண்ணின் சாதாரணச் சூட்டில், நைட்ரஜனேஸ் என்ற நொதியை வைத்துச் செய்துவிடுகிறது. அது இலவசமாக நடப்பதில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க, உயிரணுக்களின் சக்தி நாணயமான ஏ.டி.பி. குறைந்தது 16 செலவாகிறது. அந்தச் சக்தி செடி இலையில் செய்து வேருக்கு இறக்கும் சர்க்கரையிலிருந்து வர வேண்டும். பயறு வகைச் செடிகள் வேரில் முடிச்சு கட்டி, பாக்டீரியாவை உள்ளே குடிவைத்து, நேராகச் சர்க்கரை ஊட்டுகின்றன. அதனால்தான் மல்லாட்டை, உளுந்து, சோயா, தக்கைப்பூண்டு இவற்றிலெல்லாம் கிடைக்கும் நைட்ரஜன் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு வருகிறது. 1888-இல் டச்சு விஞ்ஞானி பெயரிங்க் இந்தப் பாக்டீரியாவை முடிச்சிலிருந்து பிரித்தெடுத்தார். எட்டே வருடத்தில், 1896-இல், ஜெர்மனியில் நோபே, ஹில்ட்னர் இருவரும் அதை வளர்த்து விற்கக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாக வயலில் சோதித்த சரக்கு இது, சந்தேகப்பட இடமில்லை.

ஆனால் ரைசோபியம் வேலை செய்யும் என்பது ஒன்று, நீங்கள் அதை விலைக்கு வாங்க வேண்டுமா என்பது வேறு. சோயா இங்கே புதுப் பயிர். அதற்கு ஏற்ற ரைசோபியம் நம் மண்ணில் பல இடங்களில் இருக்காது. அப்படிப்பட்ட நிலத்தில் விதையில் தடவிய பாத்தியும் தடவாத பாத்தியும் பச்சைக்கும் மஞ்சளுக்கும் உள்ள வித்தியாசம் காட்டும். மல்லாட்டை அப்படியல்ல. அது எந்த ரைசோபியத்தோடு வேண்டுமானாலும் சேரும் என்று சொல்லும் அளவுக்குத் தாராளமான பயிர். காராமணி, உளுந்து இவற்றின் வேரில் வாழும் பாக்டீரியாக்களே அதற்கும் முடிச்சு கட்டும். உங்கள் ஊர்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாக மல்லாட்டை விளைகிறது. மண்ணில் ஏற்கனவே ஏராளமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆக, இருப்பதிலேயே நம்பகமான பாக்கெட் உங்கள் வயலில் குறைவான பலனைக் காட்டலாம். ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் என்.சி. 92 என்ற தேர்ந்தெடுத்த ரைசோபியம் ரகத்தைத் தடவி, ஏற்கனவே முடிச்சு கட்டும் நிலத்திலும் குறிப்பிட்ட ஒரு மல்லாட்டை ரகத்தில் விளைச்சலைக் கூட்டிக் காட்டினார்கள். அதனால் பயனே இல்லை என்றும் தள்ள மாட்டேன். பாக்டீரியா ரகமும் பயிர் ரகமும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வயல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். விதைத்த 40, 45-ஆம் நாள், மண் ஈரமாக இருக்கும்போது, மண்வெட்டியால் ஒரு சாண் தள்ளிக் கொத்தி, மண்ணோடு செடியைத் தூக்குங்கள். கையால் இழுத்தால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரை வாளித் தண்ணீரில் அலசினால், பக்கவேர் பிரியும் இடங்களில் கடுகு, மிளகு பருமனில் உருண்டைகள் தெரியும். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது உழைக்கிற முடிச்சு. நம் இரத்தத்துக்குச் சிவப்பு தருகிற ஹீமோகுளோபினின் உறவான ஒரு பொருள்தான் அந்த நிறம். ஆக்சிஜன் பட்டால் நைட்ரஜனேஸ் கெட்டுவிடும். அது கெடாமல் காக்கத்தான் செடி அதைச் செய்து வைக்கிறது. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை: ஒன்று இன்னும் முதிரவில்லை, இல்லையென்றால் வயது முடிந்தது, அல்லது சோம்பேறி ரகம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நூற்புழு தாக்கினாலும் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கும். ரைசோபியம் முடிச்சு வேரின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், லேசாகக் கிள்ளினால் தனியே வந்துவிடும். நூற்புழு வீக்கத்தில் வேரே தடித்திருக்கும், பிரித்தெடுக்க முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, நூற்புழு முடிச்சைப் பார்த்து மகிழ்ந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். பாவம், அந்த வருடம் அவர்களுக்கு நல்ல வருடமாக இல்லை.

யூரியா போடாமல் முடியாது என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. முடிச்சு கட்டி வேலை தொடங்க மூன்று வாரமாவது ஆகும். அதுவரை செடி பிழைக்க அடியுரத்தில் கொஞ்சம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், வேண்டும். ஆனால் பயிர் வெளுத்திருக்கிறதே என்று மேலும் மேலும் யூரியாவைத் தூவினால், கையில் காசு இருக்கும்போது எதற்குக் கடன் என்று செடி முடிச்சுக்குச் சர்க்கரை அனுப்புவதைக் குறைத்துவிடும். முடிச்சும் குறையும், உழைப்பும் குறையும். மல்லாட்டைக்கு யூரியா மூட்டையை விட ஜிப்சம் மூட்டை முக்கியம். பூத்து விழுது இறங்கும் 40, 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ போட்டு மண் அணைக்க வேண்டும். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை எந்தப் பாக்டீரியாவும் தராது.

அடுத்தது பாஸ்போபாக்டீரியா. இங்கேதான் உறுதி குறையத் தொடங்குகிறது. ரைசோபியம் காற்றிலிருந்து புதுச் சத்தைக் கொண்டுவருகிறது. பாஸ்போபாக்டீரியா எதையும் புதிதாகக் கொண்டுவராது. மண்ணில் சுண்ணாம்போடு கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, தான் சுரக்கும் அமிலங்களால் கரைத்துவிடுகிறது. தட்டில் வளர்த்துப் பார்த்தால் மிக அழகு: வெள்ளைக் கலங்கலான ஊடகத்தில் பாக்டீரியாவைச் சுற்றித் தெளிந்த வளையம் விழும். நானே ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் தட்டில் அதற்குச் சர்க்கரை தாராளம், போட்டிக்கு ஆளில்லை. வயல் மண்ணில் சாப்பாடு குறைவு, சுண்ணாம்பு அமிலத்தை உடனே முறித்துவிடும், கரைந்த மணிச்சத்து செடிக்குப் போகுமுன் மறுபடி கட்டுண்டுவிடவும் கூடும். சில நிலங்களில் பலன் கிடைத்திருக்கிறது, சிலவற்றில் இல்லை. தொழு உரத்தோடு கலந்து வேரடியில் வைத்தால் வாய்ப்பு கூடும். மணிச்சத்து தரும் டி.ஏ.பி. உரத்தை முழுக்க நிறுத்திவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால் மட்டும் துணிந்து குறைக்கலாம்.

நீங்கள் நெல்லும் போடுகிறவர் என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருப்பதால் அசோஸ்பைரில்லம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரேசிலில் யோஹன்னா டோபரைனர் என்ற அம்மையார் 1970-களில் இதன் அருமையை உலகுக்குக் காட்டினார். இது முடிச்சு கட்டாது. புல்வகைப் பயிரின் வேரிலும் வேரைச் சுற்றியும் வாழும். செடி நேராகச் சர்க்கரை ஊட்டாததால் ரைசோபியம் அளவுக்கு நைட்ரஜன் தர இதற்குச் சக்தி போதாது. ஆனாலும் பலன் தருகிறது, ஏனென்றால் இது சுரக்கும் வளர்ச்சி ஊக்கிகளால் வேர் கிளைத்துப் பெருகுகிறது, பெருகிய வேர் மண்ணில் இருக்கிற சத்தையும் நீரையும் கூடுதலாக உறிஞ்சுகிறது. 20 வருட உலக வயல் சோதனைகளை 1994-இல் தொகுத்துப் பார்த்தவர்கள், 60 முதல் 70 சதவீதச் சோதனைகளில் விளைச்சல் 5 முதல் 30 சதவீதம் வரை கூடியதாக எழுதினார்கள். அதையே திருப்பிப் படித்தால், மூன்றில் ஒரு வயலில் பலன் தெரியவில்லை என்று பொருள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

ஏன் ஒரு வயலில் பலிக்கிறது, பக்கத்து வயலில் பலிக்கவில்லை? இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். சட்டப்படி தூள் வகை நுண்ணுயிர் உரத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். 200 கிராம் பாக்கெட்டில் 1000 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஏக்கருக்கு நான்கு பாக்கெட்டை நிலமெங்கும் தூவினால் 4000 கோடி. ஆனால் ஒரு ஏக்கரில் அரையடி ஆழ மண் சுமார் ஒன்பது லட்சம் கிலோ. வகுத்துப் பார்த்தால் ஒரு கிராம் மண்ணுக்கு நீங்கள் அனுப்பியது 50 பாக்டீரியா கூட இல்லை. அந்த ஒரு கிராமில் ஏற்கனவே குடியிருப்பவை பத்துக் கோடிக்கு மேல். திருவிழாக் கூட்டத்தில் ஒரு பேருந்து ஆள் கூட இல்லை இது. அதில் வெறும் 240 கிராமை விதையில் தடவினால்? ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு, ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் விதை. விதைக்கு லட்சத்தை ஒட்டி வந்துவிடுகிறது. பெரிய விதைகளுக்கு அவ்வளவு வேண்டும் என்றுதான் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். முளைக்கும் வேர் அந்தக் கூட்டத்தின் நடுவே புறப்படுகிறது. மற்ற பாக்டீரியாக்கள் வந்து சேருமுன் இவை இடம் பிடித்துவிடுகின்றன. வேரை ஒட்டிய அந்த மெல்லிய மண்ணுக்கு ரைசோஸ்பியர், அதாவது வேர் மண்டலம் என்று 1904-இல் பெயர் வைத்தவரும் மேலே சொன்ன அதே ஹில்ட்னர்தான். தொழு உரத்தில் கலந்து போடுவதானாலும் விதைக்கும் சாலில் இடுங்கள், நிலமெங்கும் வீசாதீர்கள். இதை உர மூட்டை மாதிரி நினைக்காமல் விதை மாதிரி நினைத்தால் எல்லாமே சரியாக வரும்: செத்த விதையை யாரும் விதைக்க மாட்டோம், விதையை வெயிலில் வறுக்க மாட்டோம்.

வறுக்கத்தான் செய்கிறார்கள் என்பது என் நீண்ட நாள் ஆதங்கம். ஒரு முறை, தகரக் கூரை போட்ட ஒரு கடையின் மேல் பரணில் சித்திரை வைகாசி முழுக்கக் கிடந்த அசோஸ்பைரில்லம் பாக்கெட்டுகளைச் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். காலாவதித் தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் தட்டில் ஓரிரு திட்டுதான் முளைத்தது. அவையும் அசோஸ்பைரில்லம் இல்லை, வேறு எதுவோ. அதை வாங்கிய விவசாயிகள் எல்லாரும் 'உயிர் உரம் சும்மா' என்ற முடிவுக்கு வந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அந்தக் கறுப்புப் பொடி பெரும்பாலும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித் தூள். அது பாக்டீரியா தங்கும் வீடு மட்டும்தான். அதில் 30 முதல் 40 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். பாக்கெட்டை அழுத்தினால் லேசாகக் கட்டி பிடிக்க வேண்டும். மணல் மாதிரி உலர்ந்து ஓடினால் வாங்காதீர்கள். புளித்த நாற்றமோ அழுகல் நாற்றமோ அடித்தாலும் வேண்டாம். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், பாக்டீரியாவின் பெயர், எந்தப் பயிருக்கு, எத்தனை கோடி என்று எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். 2006-இலிருந்து நுண்ணுயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. சூடோமோனாஸ் நோய்த் தடுப்பு மருந்தாக விற்கப்படுவதால் 1968-ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லாத பாக்கெட்டை நான் தொட மாட்டேன். திரவ வகை கிடைத்தால் அதை வாங்குங்கள். மில்லிக்கு 10 கோடி என்பது அதன் அளவு, தூளை விட நெடுநாள் உயிரோடும் இருக்கும்.

இனி நோய். மண் பாக்டீரியாவைக் கொண்டு நோயைத் தடுக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்ததில் மிகத் தெளிவான சான்று ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. பீச், பாதாம், ரோஜா நாற்றுகளில் கழுத்துப் பகுதியில் கட்டி கட்டியாக வீங்கும் ஒரு நோய், மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியத்தால் வருவது. அடிலெய்டில் ஆலன் கெர் என்பவர் அதே குடும்பத்தைச் சேர்ந்த, தீங்கு செய்யாத கே 84 என்ற ரகத்தைக் கண்டுபிடித்தார். நடுமுன் வேரை அதன் கரைசலில் முக்கினால் நோய் பெரும்பாலும் வரவே இல்லை. 1970-களிலிருந்து தோட்டக்காரர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அது சுரக்கும் அக்ரோசின் 84 என்ற பொருள் நோய்ப் பாக்டீரியாவைக் கொல்கிறது. இவ்வளவு நல்ல மருந்துக்கும் இரண்டு எல்லைகள் இருந்தன. கட்டி வந்த செடியைக் குணப்படுத்தாது. திராட்சையைத் தாக்கும் ரகங்களிடம் பலிக்காது. வந்த நோயைக் குணப்படுத்தாது, எல்லா நோய்க் கிருமியிடமும் பலிக்காது என்ற இந்த இரண்டு எல்லையும் உங்கள் கையிலிருக்கும் சூடோமோனாஸுக்கும் பொருந்தும்.

சூடோமோனாஸ் ப்ளோரசன்ஸ் வேரில் படர்ந்து, மண்ணில் இருக்கும் இரும்புச் சத்தைப் பிடித்திழுக்கும் ஒரு மஞ்சள் பச்சை நிறமியைச் சுரக்கிறது. புற ஊதா விளக்கின் கீழ் அது ஒளிரும். இரும்பு கிடைக்காத நோய்ப் பூஞ்சை சோர்கிறது. பூஞ்சையைக் கொல்லும் பொருள்களையும் சில ரகங்கள் சுரக்கின்றன. இவற்றோடு, செடியையே உசுப்பி அதன் எதிர்ப்பைத் தயார்நிலையில் வைக்கிறது. வேரில் தடவியிருக்க, இலையில் வரும் நோய் குறைவது அதனால்தான். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பரப்பிய பி.எப். 1 ரகம் இந்த வகை. விதை முளைக்கும் நாளிலிருந்து வேரில் இருந்தால் தடுக்கும்; வாடத் தொடங்கிய செடிக்கு ஊற்றினால் மீளாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். எவ்வளவு தடுக்கும் என்பதுதான் வயலுக்கு வயல் மாறும். தொழு உரமே காணாத, வெயிலில் காய்ந்த செம்மண்ணில் அது நெடுநாள் தாங்காது.

உங்கள் வயலில் செத்தது எதனால் என்று பார்க்க, வாடிய செடியின் கழுத்தைப் பாருங்கள். மண்ணை ஒட்டிய தண்டில் வெள்ளை நூலும், கடுகு மாதிரி பழுப்பு உருண்டைகளும் இருந்தால் அது ஸ்கிளிரோசியம் தண்டழுகல். முளைத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கழுத்தில் கறுப்புப் பொடி படிந்து செத்தால் அஸ்பெர்ஜில்லஸ் கழுத்தழுகல். பட்டை உரிந்து, உள்ளே கரித்தூள் மாதிரி நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் இருந்தால் வேரழுகல். வெயிலும் வறட்சியும் கூடினால் இது தலைதூக்கும். தண்டழுகல் என்றால் சூடோமோனாஸை விட டிரைக்கோடெர்மா விரிடியை நான் தேர்ந்தெடுப்பேன். அது பாக்டீரியா இல்லை, பூஞ்சை. நோய்ப் பூஞ்சையின் மேல் சுற்றிப் படர்ந்து அதைத் தின்னும். ஒரு கிலோவை 20 கிலோ ஈரமான மட்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் சாக்குப் போட்டு மூடி, பத்துப் பதினைந்து நாள் பெருகவிட்டு, ஏக்கருக்கு அதைச் சாலில் இடுங்கள்.

விதை நேர்த்தியை இப்படிச் செய்வேன். கிலோ விதைக்கு சூடோமோனாஸ் 10 கிராம் அல்லது டிரைக்கோடெர்மா 4 கிராம் முதலில் தடவி வைத்துவிட்டு, விதைக்கிற அன்று காலையில் நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து, பருப்புத் தோல் உரியாமல் மெதுவாகப் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி உடனே விதைப்பேன். சூடோமோனாஸும் ரைசோபியமும் ஒன்றாகத் தட்டில் வளரும்போது சில ரகங்கள் ஒன்றையொன்று ஒதுக்குவதைக் கண்டிருக்கிறேன். வயலில் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மனசு கேட்காதவர்களுக்கு, விதையில் ஒன்றும் தொழு உரத்தில் ஒன்றுமாகப் பிரித்துப் போடச் சொல்கிறேன். கடை விதை சிவப்பாகவோ ரோஸ் நிறமாகவோ இருந்தால் பூஞ்சைக்கொல்லி தடவியது. அதன் மேல் ரைசோபியம் தடவினால் நிறைய செத்துப்போகும். அப்போது நான்கு பாக்கெட்டை பத்து கிலோ தொழு உரம், பத்து கிலோ மண்ணோடு கலந்து சாலில் இடுங்கள். யூரியா, டி.ஏ.பி. மூட்டையோடு எந்தப் பாக்டீரியாவையும் ஒரே வாளியில் கலக்க வேண்டாம். உப்பில் ஊறிச் செத்துவிடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் ஆகாது, கிணற்று நீர் எடுங்கள்.

எல்லா விதைக்கும் தடவிவிடாதீர்கள். வயலின் நடுவே, பாங்கான இடத்தில் ஆறு சால் எதுவும் தடவாத விதை போட்டு, இரு முனையிலும் குச்சி நடுங்கள். 45-ஆம் நாள் இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் செடி தூக்கி முடிச்சு எண்ணுங்கள், செத்த செடியையும் எண்ணுங்கள், அறுவடையில் அந்த ஆறு சாலையும் பக்கத்து ஆறு சாலையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். பாஸ்போபாக்டீரியா பாக்கெட்டை இந்தத் தடவை இரண்டரை ஏக்கரில் அரை ஏக்கருக்கு மட்டும் போட்டால் போதும். இடையில் செடி வாடினால், வாடிய செடியைப் பிடுங்கி, கழுத்தைக் கழுவாமல், பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் ஒரு படமும், தண்டை நீளவாக்கில் பிளந்து ஒரு படமும் எடுத்து இதன் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.